ஆடுகிற வளையமும் அசையாத வெல்டிங்கும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருள் ஆடினாலும் என் கை பரபரக்கும். கல்யாண மண்டபத்தில் நாற்காலி ஆடினால் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். பஸ்ஸில் கம்பி லொடலொடத்தால் அதையே பார்த்துக்கொண்டிருந்து இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவற விடுவேன். (ஒருமுறை பல் டாக்டரிடம் போய், அவருடைய நாற்காலியில் ஒரு போல்ட் லூசாக இருக்கிறது என்று சொல்லி, அதை முடுக்கியும் கொடுத்துவிட்டு, ஆடுகிற பல்லைக் காட்டாமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.)

இந்த வியாதி தொழிலால் வந்தது. நாமக்கல்லில் சேலம் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து லாரி வெறும் எஞ்சினும் சட்டமுமாக வரும். அதன் மேல் கேபின், தொட்டி, கதவு என்று உடம்பு கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். பட்டறையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: எதுவும் ஆடக்கூடாது. வண்டி வெளியே போவதற்கு முன்னால் எங்கள் மேஸ்திரி பழனிச்சாமி ஒவ்வொரு மூட்டிலும் தொங்கிப் பார்ப்பார். பின்கதவில் தொங்குவார், ஏணியில் தொங்குவார், கண்ணாடி மாட்டும் கம்பியைக்கூட விடமாட்டார். ஆள் தொண்ணூறு கிலோ. அவர் தொங்கி அசையாவிட்டால்தான் வண்டி தேறியது என்று அர்த்தம்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் நான் கூடைப்பந்துக்குள் நுழைத்த கதை இது, சாமிகளா. நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

என் மகள் வர்ஷினி அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் யாரும் பந்தைத் தொட்டதில்லை. அவள் மட்டும் வயதுக்கு மீறிய உயரமாக வளர்ந்தாள். பள்ளியில் ‘உயரமா இருக்கிறவங்க வாங்க’ என்று கூப்பிட்டார்கள், போனாள், அதோடு பிடித்துக்கொண்டது. கடல் கடந்து ஒரு நாட்டில் நடக்கும் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கை எங்கள் வீட்டில் விடியற்காலையில் செல்போனில் பார்ப்பாள். ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இவங்கெல்லாம் அந்த நாட்டுக்காரங்களா கண்ணு?”

“இல்லப்பா. லீக்குதான் அவங்களுது. ஆடறதுல நெறையப் பேரு வேற வேற நாட்டுல இருந்து வந்தவங்க. அவங்க வந்ததுக்கப்புறம் ஆட்டமே மாறிப்போச்சுங்கப்பா. இங்க பாருங்க, இந்த ரெண்டு எட்டு! இது வெளிநாட்டுக்காரங்க கொண்டாந்தது.”

அந்த ‘ரெண்டு எட்டு’ என்பது, பந்தோடு ஓடி வந்து வலப்பக்கம் ஒரு தாவல், எதிராளி அந்தப் பக்கம் சாயும்போது இடப்பக்கம் ஒரு தாவல். அதை அவள் சமையலறையில் பழகினாள். எதிராளி என் மனைவி சுமதி. கையில் சாம்பார்ச் சட்டியோடு சுமதி வலப்பக்கம் சாய்வாள், இவள் இடப்பக்கம் தாவித் தோசையை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

“ஏனுங்க, உங்க புள்ளைகிட்ட சொல்லி வையுங்க. ஒருநாளைக்கு இந்தச் சாம்பாரு அவ தலையிலதான்,” என்பாள் சுமதி.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அந்த லீக்குக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை வெளிநாடுகளில் பரப்பக் கிளம்பியிருக்கிறார்கள், பெரிய நகரங்களோடு நிறுத்தாமல் சின்ன ஊர்களுக்கும் போகிறார்கள், அந்த வரிசையில் நாமக்கல்லிலும் ஒருநாள் முகாம் நடத்தப் போகிறார்கள். லீக்கில் ஆடுகிற ஒரு நிஜ ஆட்டக்காரரே வருகிறார். சுற்றுவட்டாரப் பிள்ளைகளில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்துச் சென்னையில் இருக்கும் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போவார்கள். தங்குவது, படிப்பு, ஆட்டம் எல்லாம் அங்கேயே.

வர்ஷினி அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அவள் தூங்காததால் நாங்களும் தூங்கவில்லை.

முகாமுக்கு முந்தின நாள் மதியம், பள்ளி மைதானத்தில் பெற்றோர் கூட்டம். முகாமை நடத்துகிற ஆனந்தி மேடம் சென்னைக்காரர், பழைய ஆட்டக்காரர், இந்த லீக்கின் பயிற்சியாளர். அவர் முகம் வாடியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு கூடைப்பந்துக் கம்பங்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. மாட்ட வேண்டிய ஆள் காய்ச்சலில் சென்னையிலேயே படுத்துவிட்டாராம்.

“உங்கள்ல யாருக்காவது ஃபிட்டிங் வேலை தெரியுமா?” என்று கேட்டார்.

லாரிப் பாடிக்குப் பேர்போன ஊரில் கேட்கிற கேள்வியா இது? ஏழு பேர் எழுந்தார்கள். நான் முதலில் எழுந்தேன். (மற்ற ஆறு பேர் என்னை விட நல்ல வேலைக்காரர்கள் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர்களில் ஒருவர் என்னை முந்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

மேடம் செல்போனில் வரைபடத்தைக் காட்டினார். “போல்ட் மட்டும் டைட் பண்ணிக் குடுங்க சார். வேற எதையும் தொட வேண்டாம்.”

“நீங்க கவலையே படாதீங்க மேடம். நம்ம ஊட்டு வேலை மாதிரி பாத்துக்கறேனுங்க,” என்றேன். அங்கேதான் கோளாறு. என் வீட்டு வேலை மாதிரியே பார்த்துவிட்டேன்.

பழனிச்சாமியை வரவழைத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு கம்பத்தையும் நிறுத்தி, கண்ணாடிப் பலகைகளை ஏற்றி, அவற்றில் வளையங்களையும் மாட்டிவிட்டோம். அடிப்பாகத்துக்கு எடைக்கற்கள் வைத்தோம். மேடம் வந்து பார்த்து, மனசார நன்றி சொல்லிவிட்டு, விமானத்தில் வருகிற ஆட்டக்காரர் தோமாஸை அழைத்துவரக் கிளம்பினார். நாங்களும் அப்படியே கிளம்பியிருக்கலாம்.

“தொங்கிப் பாத்தரலாங்களாண்ணா?” என்றார் பழனிச்சாமி.

“பின்னே? பாக்காம எப்படி உடறது?”

ஏணியில் ஏறி இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துத் தொங்கினார். ‘டொக்’ என்றது. வளையம் முன்பக்கமாகச் சாய்ந்து கீழே இறங்கியது. அவர் கையை எடுத்ததும் தானாக மேலே போய் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த கம்பத்துக்கு ஓடினோம். அதுவும் ‘டொக்’.

வளையத்தின் அடியில் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு கீலும் ஒரு ஸ்பிரிங்கும் இருந்தன.

“இது எதுக்குங்ணா ஸ்பிரிங்கு?”

யோசித்தேன். லாரிக்காரன் மூளை லாரிப் பக்கமாகத்தானே போகும்? “கப்பல்ல வருதில்ல பழனிச்சாமி. வழியில அடிபட்டு வளையம் நெளியாம இருக்கறதுக்காக வெச்சிருக்கான். ஊரு வந்து சேந்துட்டா அப்புறம் அதுக்கு என்ன வேலை?”

“அதானே! வெளிநாட்டுக்காரன் வேலைல பாதிதான் பண்ணுவான். மீதிய நம்ம பண்ணிக்கோணும்.”

“நாளைக்கு ஏழடி ஆளு வந்து புடிக்கறப்ப கழண்டுக்கிச்சுன்னா? நம்மள நம்பிக் குடுத்திருக்காங்க.”

இப்படி இரண்டு பேரும் மாறி மாறி நியாயம் பேசி, இரண்டு வளையங்களையும் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனோம். கீல் இருந்த இடத்தில் இருபுறமும் ஆங்கிள் இரும்புத் துண்டு வைத்து, சுற்றிலும் முழு வெல்டிங் வைத்தோம். அதன் மேல் அதே ஆரஞ்சு நிறத்தில் பெயிண்ட் அடித்து, நன்றாக இருட்டுவதற்குள் திரும்ப மாட்டினோம். பழனிச்சாமி தொங்கினார். நானும் அவர் காலைப் பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கம்பெனிக்காரனே கண்டுபிடிக்காத பழுதைச் சரி செய்துவிட்டோம் என்று வீட்டில் வேறு பெருமையாகச் சொல்ல நினைத்தேன். தூக்கம் வந்துவிட்டது. அது ஒன்றுதான் அன்று நடந்த நல்ல காரியம்.

மறுநாள் காலை மைதானத்தில் திருவிழாக் கூட்டம். எருமப்பட்டி, பரமத்தி வேலூர், ராசிபுரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். தோமாஸ் காரிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்பதை விட, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருந்தார் என்று சொல்ல வேண்டும்.

“ஏனுங்க, இவரு நம்ம டவுன் பஸ்ஸுல ஏறுனா என்னுங்க பண்ணுவாரு?” என்று ஒருவர் கேட்டார்.

“உள்ள எங்கீங்க ஏறறது? மேல லோடுதான்,” என்றார் இன்னொருவர்.

தோமாஸ் பேசினார். ஆனந்தி மேடம் தமிழில் சொன்னார். தானும் அந்த லீக் நடக்கும் நாட்டில் பிறந்தவர் இல்லை, வடக்கே குளிர்ந்த ஒரு சின்ன நாட்டுக்காரர். பனிக்காலத்தில் கையுறை போட்டுக்கொண்டு தெருவில் ஆடியவர். ஒருநாள் இதே மாதிரி ஒரு முகாம் அவர் ஊருக்கு வந்தது. அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் தான் இன்று இங்கே நின்றிருக்க முடியாது என்றார். பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள். வர்ஷினி தன் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்த ஒரு நாள் அவளுக்கு இன்றுதான் என்பது எனக்கும் தெரிந்தது.

“இப்ப ஒரு டங்க் காட்டுவார்,” என்றார் மேடம்.

டங்க் என்றால், எகிறிப் பந்தை வளையத்துக்குள் கையாலேயே அறைந்து திணிப்பது. அறைந்துவிட்டு வளையத்தைப் பிடித்து ஒரு நொடி தொங்குவார்களாம். இதை எனக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. (வர்ஷினி நூறு தடவை சொன்னேன் என்கிறாள். அவள் சொல்லும்போதெல்லாம் நான் சமையலறை அலமாரியின் கதவு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.)

தோமாஸ் ஓடி வந்தார், எகிறினார், அறைந்தார், தொங்கினார்.

வளையம் அசையவில்லை. அசைய வேண்டிய வளையம் அசையாததால், அத்தனை வேகமும் எடையும் நேராகக் கண்ணாடிக்குப் போனது. ‘பட்டார்’ என்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய பலகை முழுக்கக் கல்கண்டாகிக் கொட்டியது. வளையத்தைக் கையில் பிடித்தபடியே தோமாஸ் கீழே வந்து உட்கார்ந்தார். தலையெல்லாம், தோளெல்லாம் கண்ணாடித் தூள். நல்லவேளை, அது உடைந்தால் சின்னச் சின்ன உருண்டைகளாக உதிர்கிற கண்ணாடி. அவருக்குச் சிராய்ப்புக்கூட இல்லை.

கூட்டத்திலிருந்து இடி மாதிரி கைதட்டல். இதுதான் டங்க் என்று நினைத்துவிட்டார்கள்!

“இன்னொருக்கா! இன்னொருக்கா!” என்று கத்தினார்கள். ஒரு பெரியவர், “அந்தப் பக்கத்தையும் ஒடைக்கச் சொல்லுங்க மேடம்!” என்று எழுந்தே நின்றுவிட்டார்.

ஆனந்தி மேடம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார். “சாரி சார், நீங்க பயந்துடாதீங்க. கண்ணாடில ஏதோ பழுது இருந்திருக்கும். வழியில அடிபட்டிருக்கலாம்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்கே தெரியும். நான் சொன்னது: “ஆமாங்க மேடம். இருக்குமுங்க.” பழனிச்சாமி பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைக் கூட்டி அள்ளினோம். இனி டங்க் கிடையாது, தேர்வு மட்டும் மீதியிருக்கும் ஒற்றை வளையத்தில் நடக்கும் என்று மேடம் அறிவித்தார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். ஆளுக்குப் பத்துப் பந்து. எத்தனை விழுகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

முதல் பிள்ளை போட்டது. பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு, பாறையில் பட்ட மாதிரி தெறித்து, கூட்டத்துக்குள் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. அடுத்த பையன், அவன் மாவட்ட அணியில் ஆடுகிறவன், பத்துக்கு ஒன்று. எருமப்பட்டியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணுக்குப் பத்துக்குப் பூஜ்யம். அவள் ஓரமாகப் போய் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டாள்.

பழனிச்சாமி என் காதில் கிசுகிசுத்தார். “அண்ணா, அந்த ஸ்பிரிங்கு இருந்தா பந்தும் கொஞ்சம் மெத்துனு உழுகுமாட்டம் இருக்குதுங்ணா.”

“வாய மூடு பழனிச்சாமி.”

“நம்ம வெல்டிங்குல பட்டுத்தாங்ணா இப்புடித் தெறிக்குது.”

“எனக்குத் தெரியாதா? வாய மூடுன்னேன்!”

எனக்கு யார் மீது கோபம் என்றே தெரியவில்லை. ஸ்பிரிங்கை மறைத்து வைத்த கம்பெனி மீதா? காய்ச்சலில் படுத்த ஃபிட்டர் மீதா? தொங்கிப் பார்க்கலாமா என்று கேட்ட பழனிச்சாமி மீதா? என்னைத் தவிர எல்லோர் மீதும் கோபப்பட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

வர்ஷினியின் முறை வந்தது. முதல் பந்து, விளிம்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது, தெறித்தது. மூன்றாவது, தெறித்தது. நான்காவதைப் போடாமல் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வளையத்துக்கு நேர் கீழே போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். பெயிண்டுக்கு அடியில் வரிவரியாக ஓடும் வெல்டிங் தையலைப் பார்த்தாள். பட்டறையில் வளர்ந்த பிள்ளை. தட்டில் இருக்கும் தோசை யார் ஊற்றியது என்று சொல்வதைப்போல, எங்கள் வெல்டிங்கை அவளால் எங்கே பார்த்தாலும் சொல்ல முடியும்.

மெதுவாகத் திரும்பினாள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஒரு பார்வை. பிறகு கோட்டுக்குத் திரும்பிப் போய் நான்காவது பந்தைப் போட்டாள். அதுவும் தெறித்தது.

அவள் கையைத் தூக்கி, “மேடம், வளையத்துல வெல்டிங் வெச்சிருக்குது” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது யாருடைய வேலை என்பதும் சொல்ல வேண்டும். அப்பனைக் காட்டிக் கொடுக்காமல் அவள் ஐந்தாவது பந்தை எடுத்தாள். அதற்கு மேல் என் கால் தரையில் நிற்கவில்லை.

“நிறுத்துங்க! நிறுத்துங்க மேடம்!” என்று ஆட்டக்களத்துக்குள் ஓடினேன். அங்கே செருப்போடு வரக்கூடாதாம். பாதியில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஓடினேன்.

“என்ன சார்?”

“வளையத்துல கோளாறுங்க. ஆடிச்சு. நான் வெல்டு வெச்சுப்போட்டனுங்க.”

“எந்த வளையத்துல?”

“ரெண்டுலயுமுங்க.”

மேடம் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். “போல்ட் மட்டும் டைட் பண்ணுங்கன்னு சொன்னேனே சார்!”

“போல்ட்டும் டைட் பண்ணியிருக்கறனுங்க மேடம்.” (இந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையலாம் போலிருக்கிறது.)

“ஆடறதுக்குன்னே செஞ்ச வளையம் சார் அது! தொங்கும்போது கண்ணாடி உடையக் கூடாதுன்னுதான் அந்த ஸ்பிரிங்!”

கூட்டத்துக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. சற்று முன் ‘இன்னொருக்கா’ என்று கத்திய அதே பெரியவர், “ஏனப்பா, கூடைப்பந்துக்கும் லாரி பாடி கட்டிப்போட்டயா?” என்றார். மைதானமே சிரித்தது. தோமாஸ் வந்தார். ஏணி தேவையில்லாத ஆள், கையைத் தூக்கி வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஏதோ சொன்னார்.

“என்னுங்க சொல்றாரு?” என்றேன்.

“இவ்வளவு நல்ல வெல்டிங்கை அவர் பார்த்ததே இல்லையாம்,” என்றார் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு. “அதுதான் பிரச்சினைன்னும் சொல்றார்.”

அதைக் கழற்றுவது அடுத்த பிரச்சினை. பட்டறையிலிருந்து கிரைண்டரைக் கொண்டுவந்தோம். வைக்கும்போது சீக்கிரம் முடிந்த வெல்டிங், அறுக்கும்போது அசையவே இல்லை. ஒரு சக்கரம் தேய்ந்தது, இன்னொன்று தேய்ந்தது. பிள்ளைகள் எல்லாம் வெயிலில் காத்திருக்க, பெற்றோர் எல்லாம் என்னையே பார்க்க, நான் ஏணியில் பொறி பறக்க நின்றேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த சுமதி, “ஏனுங்க, ஊட்டுல அந்த மிக்சி மூடிய ஒட்டித் தாங்கன்னு ஆறு மாசமா கேக்கறேன். அதைய மட்டும் பாதியில உட்டுப்போட்டீங்க. இங்க எதுக்குங்க இத்தன அழுத்தமா வெச்சீங்க?” என்றாள். நான் மூன்றாவது சக்கரத்தை மாட்டினேன்.

ஒருவழியாக அறுத்து முடித்தோம். பழனிச்சாமி தொங்கினார். ‘டொக்.’ வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருள் ஆடியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

எல்லாப் பிள்ளைகளும் முதலிலிருந்து போட்டார்கள். எருமப்பட்டிப் பெண் பத்துக்கு ஏழு போட்டாள். வர்ஷினிக்கு ஆறு. பிறகு ஓடவிட்டார்கள், ஆடவிட்டார்கள். அவளுடைய ‘ரெண்டு எட்டு’ தாவலைப் பார்த்துத் தோமாஸ் ஒருமுறை கைதட்டினார். சாயங்காலம் நான்கு பெயர்களைப் படித்தார்கள். எருமப்பட்டிப் பெண் இருந்தாள். வர்ஷினி இல்லை.

நான் மேடத்திடம் போனேன். “என்னாலதானுங்களா?”

“இல்ல சார். அவளுக்கு இடது கை பலம் பத்தல. அதான் காரணம்.” நிஜமாகவே அதுதான் காரணமா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

வர்ஷினி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்க வந்து ஒத்துக்கலீன்னா நான் உங்களோட பேசியே இருக்கமாட்டேன். தெரியுமா?”

“தெரியும் சாமி.”

“சரி, எந்திரிங்க. எடது கைக்குப் பழகோணும். நீங்க பந்து போடுங்க. எதையும் சரி பண்ண மட்டும் வேண்டாம்.”

ஒரு வருடம் பந்து போட்டேன். அடுத்த முகாம் சேலத்தில் நடந்தது. என்னை வாசல் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, பாக்கெட்டில் ஸ்பேனர் இருக்கிறதா என்று சுமதி தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். (இருந்தது. வாங்கிக்கொண்டாள்.) உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே கைதட்டல் சத்தம் மட்டும் கேட்டது. வர்ஷினி இடது கையாலேயே கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். இந்தத் தடவை பெயர் இருந்தது.

இப்போது சென்னையில் இருக்கிறாள். போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் மையத்துக்குப் புதிதாக வந்த கம்பங்களில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர். இந்தியாவில் எந்த ஊருக்கு அனுப்பினாலும் இனி இது ஒட்டித்தான் வருமாம். ‘இந்த வளையம் ஆடும். இது பழுது அல்ல’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. தமிழில் மட்டும் கீழே ஒரு வரி கூடுதல்: ‘தயவுசெய்து வெல்டிங் வைக்க வேண்டாம்.’

படத்துக்கு அடியில் வர்ஷினி எழுதியிருந்தாள்: “அப்பா, உங்க பேரு மட்டுந்தான் போடல.”